நஹானி ஆற்றில் ஆளில்லை என்று சொன்னது யார்?

தோழர்களே, இந்தப் பக்கத்தில் படகுப் பயணத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நிலம் என்றால் பட்டா, பஞ்சமி, புறம்போக்கு என்று பேசிப் பழகியவர்கள் நாம். ஒரு நிலத்தை அதன் மக்களிடமிருந்து பிரிக்கப் பத்திரத்தை மாற்றி எழுதுவது ஒரு வழி. அதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. அந்த நிலத்தில் யாருமே இல்லை என்று படம் எடுத்துக் காட்டுவது. காலங்காலமாக மனிதர் காலடி படாத இடம் என்று சொல்லிவிட்டால் போதும், அங்கே காலடி வைத்து வாழ்ந்தவர்கள் தாமாகவே காணாமல் போய்விடுவார்கள்.

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில் தெற்கு நஹானி என்று ஓர் ஆறு ஓடுகிறது. மெக்கென்சி மலைகளில் பிறந்து, 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, லியார்ட் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரைக்குச் சாலை போட்டுச் சுற்றுலாப் பேருந்து விட முடியாது. கோடையில் பனி உருகிய சில வாரங்களில் மட்டும் அங்கே குழுப் பயணங்கள் நடக்கின்றன. ஃபோர்ட் சிம்ப்சன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்வார்கள். நீரில் இறங்கும் சிறு விமானத்தில் ஏறி ஆற்றின் மேற்பகுதிக்குப் போவார்கள். கேனோ என்ற குறுகிய துடுப்புப் படகில் ஆளுக்கிருவராக உட்கார்ந்து, ஒன்றிரண்டு வழிகாட்டிகளின் பின்னால் நீரோட்டத்தோடு இறங்குவார்கள். அருவியிலிருந்து தொடங்கினால் ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள். மலையுச்சிக் குளங்களிலிருந்து தொடங்கினால் மூன்று வாரம். இரவில் மணல்திட்டில் கூடாரம். கரடிக்குப் பயந்து உணவுப் பீப்பாயைத் தள்ளி வைப்பது, கொசுவலையைத் தலையில் மாட்டிக்கொள்வது, நெருப்பில் ரொட்டி சுடுவது எல்லாம் உண்டு. செலவு தலைக்குப் பல ஆயிரம் டாலர். பள்ளத்தாக்குகளின் சுவர்கள் சில இடங்களில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கின்றன. அழகு பற்றி எனக்குச் சண்டையில்லை. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் பன்னிரண்டு இடங்களில் நஹானியும் ஒன்று. சும்மா கொடுத்துவிடவில்லை.

சண்டை அந்த அழகுக்கு எழுதப்படும் தலைப்பில்தான் இருக்கிறது. கன்னி நிலம், நாகரிகம் தொடாத காடு, கடைசி வனாந்தரம். இந்தச் சொற்கள் இல்லாமல் இந்தப் பயணங்கள் விற்பனையாவதில்லை. ஆனால் பயணம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். ஃபோர்ட் சிம்ப்சன் என்பது வணிகக் கோட்டைக்காரர்கள் வைத்த பெயர். அங்கே வாழும் டெனே மக்களின் மொழியில் அந்த ஊர் லீட்லி குவே. ஆறுகள் கூடும் இடம் என்று பொருள். நம் ஊரில் கூடல் என்று சொல்வோமே, அதேதான். லியார்ட் ஆறு அங்கே பேராற்றில் கலக்கிறது. அந்தப் பேராற்றை டெனேக்கள் டெஹ்சோ என்பார்கள். வரைபடத்தில் அது மெக்கென்சி.

பெயர் விஷயத்தில் சற்று நிற்போம், ஏனென்றால் இந்த ஆற்றில் பெயர்கள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கின்றன. ஆற்றின் பெரிய அருவி 90 மீட்டருக்கு மேல் விழுகிறது. நயாகராவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரம். அதன் டெனே பெயர் நைலிச்சோ, பெரிதாக விழும் நீர். வரைபடத்தில் அது விர்ஜினியா அருவி. 1928இல் அங்கே போன ஃபென்லி ஹன்டர் என்ற அமெரிக்கர் தன் மகளின் பெயரை அதற்கு வைத்தார். மகள்மேல் அப்பாவுக்குப் பாசம் இருக்க வேண்டியதுதான். அதற்கு அருவிதான் கிடைத்ததா?

அருவிக்குக் கீழே நான்கு பெரும் பள்ளத்தாக்குகள். மேலிருந்து இறங்கும் பயணிகள் முதலில் நுழைவது நான்காவது பள்ளத்தாக்கில். பிறகு மூன்று, இரண்டு, கடைசியில் ஒன்று. ஏன் தலைகீழ் எண்ணிக்கை? தங்கம் தேடி வந்தவர்கள் கீழிருந்து மேலே ஏறினார்கள். அவர்கள் கண்ட வரிசைதான் எண்ணாக நின்றுவிட்டது. மலைகளில் பிறந்து, வசந்தகாலத்தில் ஆற்றோடு இறங்கிய மக்களின் வரிசை அதுவல்ல. இன்றைக்குப் பயணிகள் மேலிருந்துதான் இறங்குகிறார்கள், ஆனாலும் எண் மாறவில்லை.

தங்கம் தேடிய மெக்லியட் சகோதரர்கள் இருவரின் உடல்கள் 1908இல் தலையில்லாமல் கண்டெடுக்கப்பட்டன. அதிலிருந்து பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். இறந்தவர் பள்ளத்தாக்கு, தலையற்ற மலை, சவ அடக்க மலை என்று வரைபடம் முழுக்க மரணம். ஆர். எம். பேட்டர்சன் 1954இல் தன் பயண நூலுக்கு வைத்த தலைப்பே 'ஆபத்தான ஆறு' என்று பொருள்படும். வழிகாட்டிகள் இரவு நெருப்பருகே சொல்லும் கதைகளில் இந்தத் தலையில்லாத சகோதரர்கள் தவறாமல் வருவார்கள். இரண்டு பேர் செத்ததால் பயங்கர நிலம் ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தை பெற்று வளர்த்தவர்களின் வாழ்க்கை அந்த நிலத்துக்கு ஒரு பெயரையும் தரவில்லை. டெனேக்களுக்கு இது நஹா தெஹே, நஹா மக்களின் நாட்டு ஆறு. மலைகளில் வாழ்ந்த அந்த நஹா மக்களைப் பற்றி அவர்களிடம் வாய்மொழிக் கதைகள் உண்டு. 'நஹானி' என்று ஆங்கிலம் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரிலிருந்துதான்.

இப்போது படகுக்கு வருவோம். மலை டெனேக்கள் குளிர்காலம் முழுக்க மலையில் வேட்டையாடுவார்கள். பனி உடைந்ததும் கீழே வணிக நிலையங்களுக்கு வர வேண்டும். குடும்பம், நாய்கள், காய்ந்த இறைச்சி, உரோமத் தோல் எல்லாவற்றையும் ஏற்ற ஒரு படகு வேண்டும். ஸ்ப்ரூஸ் மரத்தில் சட்டகம் கட்டுவார்கள். மூஸ் என்ற பெரிய கடம்பை மானின் தோல்கள், பத்து வரைகூட, தைத்து அந்தச் சட்டகத்தில் இழுத்துப் போர்த்துவார்கள். தைப்பது பெண்கள். நூலாவது விலங்கின் தசைநார். தையல்வாய்களில் கொழுப்பைப் பூசி நீர் புகாமல் அடைப்பார்கள். அப்படி ஒரு பெரிய தோல்படகில் முழுக் குடும்பமும் இந்தக் கொந்தளிப்பில் இறங்கி வரும். ஊர் சேர்ந்ததும் படகைப் பிரித்துவிடுவார்கள். தோல் மறுபடி தோலாகிவிடும், பதப்படுத்தி உடைக்கும் காலணிக்கும் பயன்படும். திரும்பும்போது நாய்களின் முதுகில் சுமையேற்றி மலைக்கு நடை. எதையும் வீணாக்காத இந்தப் பொறியியலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. தோலைத் தொட்ட கையைத் தீண்டத்தகாத கை என்று ஒதுக்கிய சமூகத்திலிருந்து நாம் இதை வாசிக்கிறோம். அங்கே தோல் பதமிடத் தெரிந்த பெண் குடும்பத்தின் பெருமை. தோல் ஒன்றுதான். அதற்கு இழிவைத் தைத்தது எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேனோ என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் டைனோ மக்களுடையது. கொலம்பஸ் கூட்டம் அங்கே கேட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. வட அமெரிக்கக் காடுகளில் பிர்ச் மரப்பட்டையில் செய்த படகு பூர்வகுடிகளின் கண்டுபிடிப்பு. அதில் ஏறித்தான் வெள்ளை வணிகர்கள் கண்டத்தைக் கடந்தார்கள். இன்றைக்கு அது கனடாவின் தேசிய அடையாளம். நம் கட்டுமரத்துக்கும் இதே கதைதான். மீனவர் கட்டிய மரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆகி, பணக்காரர்களின் உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. சொல் ஊர்வலம் போகும், கட்டியவர் கரையிலேயே நிற்பார்.

இனி அரசியலுக்கு. நஹானியைப் புகழ்பெறச் செய்த பயணி ஒருவர் உண்டு. பியர் ட்ரூடோ, கனடாவின் பிரதமர், பின்னாளில் பிரதமரான ஜஸ்டினின் தந்தை. இளம்வயதிலிருந்தே கேனோ வெறியர். 1944இலேயே கேனோ பயணத்தை ஒரு துறவு போலக் கண்டு கட்டுரை எழுதியவர். விளிம்பில் குஞ்சம் தொங்கும் மான்தோல் சட்டை அணிந்து அவர் துடுப்புப் போடும் படம் கனடாவில் எல்லோருக்கும் தெரியும். 1970 ஆகஸ்டில் அவர் நஹானிக்குப் போனார். அருவியை அணைகட்டி மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது. பிரதமர் போய்ப் பார்த்து மயங்கியபின் அந்தப் பேச்சு அடங்கியது, பூங்காவுக்கான வழி திறந்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இந்தக் கதையை ஆசையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான்.

அதற்கு ஓராண்டு முன்னே போங்கள். 1969 ஜூன். இதே ட்ரூடோவின் அரசு ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. பூர்வகுடிகளுக்கென்று இருக்கும் தனிச் சட்ட நிலையை ஒழிக்க வேண்டும், இந்தியன் சட்டத்தை நீக்க வேண்டும், அவர்களுக்கான துறையை மூட வேண்டும், ஒப்பந்தங்களைக் காலப்போக்கில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். காரணம்? சமத்துவம். எல்லோரும் கனடியர், இதில் தனி உரிமை எதற்கு? இந்தக் குரல் உங்களுக்குப் பழக்கமானதுதான். நிலத்தைப் பிடுங்கி, பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து, 1960 வரை இந்தியன் சட்டத்தின்கீழ் பதிவானவர்களுக்குத் தம் சட்ட நிலையைத் துறக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை என்று வைத்திருந்து, ஒரு நாள் காலையில் இனி நாம் எல்லோரும் சமம் என்று அறிவிப்பது. பிடுங்கியதைத் திருப்பித் தரும் பேச்சு மட்டும் அதில் இல்லை. பழைய நில உரிமைக் கோரிக்கைகள் தீர்க்கவே முடியாத அளவுக்குத் தெளிவற்றவை என்று தள்ளிவிட்டார்கள்.

ட்ரூடோவின் தேர்தல் முழக்கம் 'நீதியான சமூகம்'. அதற்குப் பதிலாக 'அநீதியான சமூகம்' என்ற பொருளில் தலைப்பிட்டு அதே 1969இல் ஒரு நூல் வந்தது. எழுதியவர் ஹெரால்ட் கார்டினல், கிரீ இனத்தவர். வயது 24. மாணவத் தோழர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட்டா மாநிலப் பூர்வகுடிச் சங்கத்தின் தலைவராக 23 வயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1970 ஜூனில் அந்தச் சங்கம் வெள்ளை அறிக்கைக்கு மறுப்பாகச் சிவப்பு அறிக்கையை நேராக அமைச்சரவையின் முன்னால் கொண்டுபோய் வைத்தது. நாங்கள் குடிமக்கள் மட்டுமல்லர், அதற்கு மேலும் ஒப்பந்த உரிமை உள்ளவர்கள் என்பதுதான் அதன் சாரம். அரசு பின்வாங்கியது. அது நடந்து இரண்டே மாதத்தில்தான் பிரதமர் நஹானியில் துடுப்புப் போட்டார்.

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்த அமைச்சர் ழான் கிரெத்தியென், இவரும் பின்னாளில் பிரதமர். அவருடைய துறை பூர்வகுடி விவகாரம் மற்றும் வடபுல வளர்ச்சித் துறை. கனடாவில் அப்போது தேசியப் பூங்காக்களும் அந்தத் துறையின் கீழேதான் இருந்தன. 1972இல் நஹானி உட்பட வடக்கில் புதிய பூங்காக்களை அறிவித்தவர் அவர்தான். ஆக, மக்களின் தனி உரிமையை அழிக்கும் காகிதமும் அவர்கள் நிலத்தைக் காக்கும் காகிதமும் ஒரே மேசையிலிருந்து வந்தவை. இதில் முரண்பாடு இருப்பதாக அந்த மேசையில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். காலியான நிலத்தைத்தானே காக்கிறோம்! மலையை நேசிப்பவருக்கு மலைமக்களைக் கண்ணில் படாமலே நேசிக்க முடிகிறது. மான்தோல் சட்டை வேண்டும், தோலைப் பதமிட்டவளின் ஒப்பந்தம் வேண்டாம்.

ஒப்பந்தம் என்றேனே, அதையும் பார்த்துவிடுவோம். 1920இல் வடக்கே நார்மன் வெல்ஸில் எண்ணெய் கிடைத்தது. அதற்கு முன் இந்த மக்களோடு ஒப்பந்தம் போட அரசு எந்த அவசரமும் காட்டவில்லை. எண்ணெய் கிடைத்த மறு ஆண்டே, 1921இல், பதினோராம் ஒப்பந்தம் வந்தது. ஃபோர்ட் சிம்ப்சனிலும் ஜூலையில் கையெழுத்தானது. அதன் ஆங்கில வாசகப்படி டெனேக்கள் நிலத்தை முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டார்கள். டெனே முதியவர்கள் சொன்னது வேறு. நட்புக்கும் சமாதானத்துக்கும்தான் ஒப்புக்கொண்டோம், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தடை வராது என்று வாக்குக் கொடுத்தார்கள், நிலத்தை விற்பது பற்றிப் பேச்சே வரவில்லை. 1973இல் டெனே தலைவர்கள் நில உரிமைக்காக நீதிமன்றம் போனபோது, நீதிபதி வில்லியம் மாரோ ஊர் ஊராகச் சென்று அந்த முதியவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, இந்த ஒப்பந்தங்கள் நிலத்தைப் பறித்தன என்பதே சந்தேகத்துக்குரியது, இவர்களின் உரிமைக் கோரிக்கையில் வலு இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது, 1976இல் உச்ச நீதிமன்றமும் அந்த மாற்றத்தை உறுதிசெய்தது, ஆனால் பதிவுச் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டித்தான். முதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று அது சொல்லவில்லை.

1975 ஜூலையில் லீட்லி குவேயில் டெனேக்களும் மெட்டி மக்களும் கூடி டெனே பிரகடனத்தை நிறைவேற்றினார்கள். நாங்கள் ஒரு தேசிய இனம், எங்களைக் கனடாவுக்குள் தன்னாட்சி உரிமையுள்ள மக்களாக அங்கீகரியுங்கள் என்பது அதன் கோரிக்கை. சுற்றுலா விமானம் கிளம்பும் அதே ஊரில். அதே பத்தாண்டுகளில் நடந்த இன்னொன்று பெர்கர் விசாரணை. மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியே எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டம் பற்றி விசாரிக்க நீதிபதி தாமஸ் பெர்கர் 1974இல் நியமிக்கப்பட்டார். அவர் தலைநகரில் உட்கார்ந்து நிபுணர்களை மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை. 35 ஊர்களுக்குப் போனார், ஆயிரம் பேர் அளவில் பேசினார்கள், பலர் தம் தாய்மொழியில். 1977இல் வந்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் 'வடக்கு எல்லைப்புறம், வடக்குத் தாயகம்' எனலாம். தெற்கிலிருந்து பார்ப்பவருக்கு எல்லைப்புறம், அங்கே இருப்பவருக்குத் தாயகம். நில உரிமை தீர்வதற்கு அவகாசம் வேண்டும், பத்தாண்டு குழாய் பதிக்காதீர்கள் என்று பரிந்துரைத்தார். குழாய் பதிக்கப்படவில்லை. அரசியல் கற்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பொது விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்பதற்காவது இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். நம் ஊரின் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

இந்தப் போராட்டங்களின் தடயம் நஹானியின் பெயரிலேயே இருக்கிறது. அது வெறும் தேசியப் பூங்கா அல்ல, 'தேசியப் பூங்கா ஒதுக்கம்'. நில உரிமைக் கோரிக்கை தீராத இடத்தை முழுப் பூங்காவாக அறிவிக்க முடியாது என்பதால் சட்டத்தில் சேர்த்த சொல் அது. பூர்வகுடிகள் அங்கே வேட்டையாடலாம், பொறி வைக்கலாம். 1976இல் சட்டப்படி வந்த அந்தச் சொல் இன்று வரை நீங்கவில்லை. டெஹ்சோ மக்களுடனான பேச்சுவார்த்தை இன்னும் முடியாததுதான் காரணம். பயணிகளின் விளம்பரத் தாளில் இந்தச் சொல் கண்ணில் பட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

நானும் இங்கே ஒரு பக்கமாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. கேனோ பயணிகளால் இந்த ஆற்றுக்கு நன்மை நடந்திருக்கிறது. 2009இல் பூங்கா ஏறத்தாழ ஆறு மடங்காக விரிந்து 30,000 சதுர கிலோமீட்டர் ஆனபோது, அதற்கு டெஹ்சோ மக்களோடு சேர்ந்து அழுத்தம் கொடுத்தவர்களில் பயணிகளும் சூழல் அமைப்புகளும் இருந்தார்கள். ஆற்றைப் பார்த்தவர்தான் ஆற்றுக்காக எழுதுகிறார். ஆனால் அந்த விரிந்த பூங்காவுக்குள்ளேயே ஓட்டை போட்டதுபோல ஒரு துண்டு விடப்பட்டிருக்கிறது. பிரெய்ரி கிரீக் சுரங்கம். துத்தநாகம், ஈயம், வெள்ளி. உலக வெள்ளிச் சந்தையையே மடக்கப் பார்த்த அமெரிக்க ஹன்ட் சகோதரர்களின் பணத்தில் கட்டி, வெள்ளி விலை சரிந்ததால் 1982இல் உற்பத்தி தொடங்கும் முன்பே கைவிடப்பட்டது. பிறகு வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2011இல் அந்த நிறுவனத்தோடு நஹானி பட் ஊரின் டெனே அமைப்பும் லீட்லி குவே அமைப்பும் வேலைவாய்ப்பு, பலன் பங்கீடு குறித்து ஒப்பந்தம் போட்டன.

இங்கேதான் பல இயற்கை நேசர்களுக்குக் கோபம் வருகிறது. நிலத்தைக் காப்பவர்கள் என்று நினைத்தோமே, சுரங்கத்தோடு கைகோத்துவிட்டார்களே! அந்தக் கோபம் எனக்கு ஒப்பவில்லை. நஹானி பட், டெனே மொழியில் தெனாகோ, நூறு பேர் அளவிலான ஊர். படகுப் பயணங்கள் முடியும் இடம் அது. கோடையில் அங்கே போக ஆற்றையோ ஆகாயத்தையோ கடக்க வேண்டும். பயணிகள் பல ஆயிரம் டாலர் கொடுத்து ஊருக்கு மேலே பறந்து, ஊரின் ஓரமாக வந்து கரையேறி, போய்விடுகிறார்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் தங்குகிறது? இந்தத் தொழிலில் பெயர்பெற்ற நிறுவனங்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள் தொடங்கியவை. ஊர் இளைஞருக்கு வேலை தராத அழகை ஊர் மட்டும் காவல் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? சுரங்கம் நல்லது என்று நான் வாதிடவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் நச்சு கசிந்தால் குடிப்பதும் அவர்கள்தான், அது அவர்களுக்குத் தெரியும். முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது என்கிறேன். உரிமை என்றால் நமக்குப் பிடிக்காத முடிவை எடுக்கும் உரிமையும் சேர்த்துத்தான்.

மாற்றம் இல்லாமலும் இல்லை. பூங்கா நிர்வாகத்தில் டெஹ்சோ மக்களும் அரசும் சேர்ந்து உட்காரும் ஒரு குழு 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் கானிதா என்ற வெந்நீர் ஊற்று உண்டு, ஆங்கிலத்தில் ராபிட்கெட்டில். சுண்ணாம்புப் படிவு அடுக்கடுக்காக வளர்ந்து மேடாக நிற்கும் இடம். டெனே கதைகளில் மக்களைக் காத்த வீரன் வாழ்ந்த இடம். பூங்கா ஊழியர் கூட வந்தால்தான் அதன்மேல் ஏறலாம், அதுவும் வெறுங்காலோடு. செருப்பைக் கழற்று என்ற சொல் நம் காதில் வேறு மாதிரி விழும். நம் தாத்தாக்கள் எந்தெந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். இங்கே அந்தக் கல் நொறுங்கிவிடும் என்பதால் கழற்றச் சொல்கிறார்கள், பணக்காரப் பயணிக்கும் அதே விதி. இந்த விதியில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இதைவிடப் பெரிய மாற்றம் பக்கத்தில் நடந்திருக்கிறது. ஃபோர்ட் சிம்ப்சனுக்குக் கிழக்கே உள்ள மேட்டுநிலம் எடேஸி. 2018இல் டெஹ்சோ மக்கள் தம் சட்டப்படி அதைப் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்து, கனடா அரசோடும் ஒப்பந்தம் செய்தார்கள். 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே காவலர்கள் டெஹ்சோ கெஹோடி என்ற திட்டத்தின் கீழ் வேலை செய்யும் டெனேக்கள். நீர் அளவு பார்க்கிறார்கள், விலங்குகளைக் கணக்கெடுக்கிறார்கள், இளையவர்களுக்கு மொழியும் வேட்டையும் கற்றுத்தருகிறார்கள். அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். நிலத்தைக் காப்பதும் நிலத்தில் வாழ்வதும் ஒரே வேலையாக முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நஹானியில் முடியாதது இல்லை.

கனடாவில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இதைப் படிக்கிறீர்கள். கேனோ ஓட்டக் கற்பது அங்கே புதிதாய் வந்தவர் கனடியர் ஆவதற்கான சடங்குபோல ஆகிவிட்டது. போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு யாருக்கும் நன்மைதான் செய்யும். பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் சில கேள்விகள் கேளுங்கள். உங்கள் வழிகாட்டிகளில் டெனேக்கள் எத்தனை பேர்? தெனாகோவில் என்ன வாங்குகிறீர்கள், யாருக்குக் கூலி கொடுக்கிறீர்கள்? வரைபடத்தில் டெனே பெயர்கள் உண்டா? விமானத்துக்குக் காத்திருக்கும் நாள் ஒன்று கிடைக்கும், வானிலை அங்கே யாரையும் சொன்ன நேரத்தில் ஏற்றுவதில்லை. அந்த நாளில் லீட்லி குவே ஊருக்குள் நடந்து போங்கள். 1975இல் பிரகடனம் நிறைவேறியபோது இருந்த யாராவது கண்ணில் படலாம். ஆற்றில் இறங்கியபின் நான்காம் பள்ளத்தாக்கில் நுழையும்போது வழிகாட்டியிடம் இது ஏன் நான்காவது என்று கேளுங்கள். தலையில்லாத சகோதரர்களின் கதையை அவர் தொடங்கினால், தோல்படகு தைத்தவர்களின் கதையை நீங்கள் தொடங்கலாம்.